‘மிகை நடிப்பு’ என்றொரு தீர்ப்பு

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டுப் படங்களுக்கான சிறந்த நடிகர் விருதை ‘ஜவான்’ படத்தில் நடித்த ஷாருக்கானும் விக்ராந்த் மாஸ்ஸியும் பகிர்ந்துகொண்டனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடித்துவரும் ஷாருக்கானுக்கு அதுவே முதலாவது தேசிய விருது. காலந்தாழ்ந்தேனும் கிடைத்ததே என்று பலர் மகிழ்ந்தனர்.

அச்செய்தி வன்னியிலுள்ள எமது பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்து சேர்ந்தபோது பழைய முறைப்பாடு ஒன்று உயிர்பெற்றெழுந்தது. “சிவாஜிக்குக் கொடுக்காத விருது யாருக்குக் கிடைத்தென்ன?” என்றார் ஓய்வுபெறும் வயதை அண்மிய நண்பர் ஒருவர். “தமிழன் என்பதால்தானே கொடுக்கவில்லை?” என்றார் இன்னொருவர். “அது நடிப்பா? மிகை நடிப்பல்லவா?” என்றார் அண்மையில் நியமனம் பெற்ற இளைஞர். இம்மூன்று கூற்றுகளுள் முதலாவது ஒரு வேதனை. இரண்டாவது பிழையான விடை. மூன்றாவதே நாம் எதிர்த்து வாதாட வேண்டிய தீர்ப்பு.

முதலில் உண்மைகளை ஒழுங்காக வைத்துக்கொள்வோம். ஆதாரமற்ற உணர்ச்சி எதிரிக்கே துணைபோகும். இந்தியத் தேசிய விருதுகள் 1954ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்பட்டு வருகின்றன. எனினும் தொடக்கத்தில் பரிசு படங்களுக்கே அன்றி நடிகருக்கு அன்று. ‘பரத் விருது’ என்று அன்று வழங்கிய சிறந்த நடிகர் விருது 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கே முதன்முதலாக அளிக்கப்பட்டது. வங்க நடிகர் உத்தம் குமார் அதனைப் பெற்றார். ஆகவே ‘பராசக்தி’ (1952), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘பாசமலர்’ (1961), ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961), ‘கர்ணன்’ (1964), ஒன்பது வேடங்கள் தாங்கிய ‘நவராத்திரி’ (1964) ஆகியவற்றுக்காக அவ்விருது கிடைக்கவில்லையே என்று முறையிடுவது பொருந்தாது. அன்று அப்படியொரு விருதே இருக்கவில்லை.

முறைப்பாடு தொடங்கவேண்டிய இடம் 1968. அவ்வாண்டில் ‘தில்லானா மோகனாம்பாள்’ வெளிவந்தது; விருது அசோக் குமாருக்குப் போயிற்று. 1969இல் மூன்று வேடங்களில் அவர் நடித்த ‘தெய்வமகன்’ படத்தை ஆஸ்கார் போட்டிக்கென இந்தியா அனுப்பிவைத்தது; வீட்டிலோ விருது உத்பல் தத்துக்கு. 1973இல் ‘கௌரவம்’, விருது பி. ஜே. ஆன்டனிக்கு. 1985இல் ‘முதல் மரியாதை’ சிறந்த தமிழ்ப் படமெனத் தேசிய விருது பெற்றது. சிறந்த நடிகர் சசி கபூர். 1992இல் ‘தேவர் மகன்’. சிறந்த நடிகர் மிதுன் சக்கரவர்த்தி. சிவாஜி கணேசனுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது என்ற ஆறுதற் பரிசு. அதனை ஏற்க அவர் மறுத்துவிட்டார். 1995இல் பிரெஞ்சு அரசின் செவாலியே விருதும், 1996ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகிப் பால்கே விருதும் வந்தன. 2001ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் திகதி அவர் மறைந்தார். கடன் தீர்க்கப்படாமலே கணக்கு மூடப்பட்டது.

இனி, ‘தமிழன் என்பதால்’ என்ற விடையை எடுத்துக்கொள்வோம். நமது இனத்தின் மீது இழைக்கப்பட்ட அநீதிகள் பல; அவற்றை அநுபவித்தோர் வாழும் மண்ணிலிருந்தே நாம் எழுதுகிறோம். ஆயினும் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியை நுழைப்பது அறிவுடைமையாகாது. ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக 1971ஆம் ஆண்டின் விருதை எம். ஜி. ஆர். பெற்றார், அத்தீர்ப்பைச் சூழ்ந்த சர்ச்சை வேறு. கமலஹாசன் ‘மூன்றாம் பிறை’ (1982), ‘நாயகன்’ (1987), ‘இந்தியன்’ (1996) ஆகிய படங்களுக்காக மும்முறை பெற்றார். ‘பிதாமகன்’ (2003) விக்ரமுக்கும், ‘காஞ்சிவரம்’ படத்தின் நெசவாளி வேடம் பிரகாஷ் ராஜுக்கும், ‘ஆடுகளம்’ (2010), ‘அசுரன்’ (2019) ஆகியவை தனுஷுக்கும், ‘சூரரைப் போற்று’ (2020) சூர்யாவுக்கும் அவ்விருதை ஈட்டிக் கொடுத்தன. ‘ஆடுகளம்’ படத்தில் நடித்த ஈழத்துக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலனுக்கும் அதே ஆண்டில் சிறப்புக் குறிப்பு வழங்கப்பட்டது. தமிழ் என்பதே தடையாயின் இவையெல்லாம் எங்ஙனம் நிகழ்ந்தன?

விருதைப் பெற்றோரை இழிவுசெய்யும் வழக்கமும் நமக்கு வேண்டாம். ‘புவன் ஷோம்’ படத்தில் நடித்த உத்பல் தத், வங்கத்தின் இடதுசாரி நாடக அரங்கைத் தோளில் சுமந்தவர். எழுத்துக்காகவும் நாடகத்துக்காகவும் 1965இல் சிறைசென்றவர். ‘நிர்மால்யம்’ படத்தின் வெளிச்சப்பாடாக வாழ்ந்து காட்டிய பி. ஜே. ஆன்டனி மலையாள நாடக மேடையில் வளர்ந்தவர். அவர்களுக்குக் கிடைத்தது நியாயமே. ஆகையால் ‘யார் தகுதியற்றவர்?’ என்று நாம் கேட்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொருவருக்கு நியாயம் வழங்கிய தராசு, ஒருவரை மட்டும் கால்நூற்றாண்டாக ஏன் நிறுக்கத் தெரியாமல் நின்றது? இதுவே நம் கேள்வி.

நடுவர் குழுவின் அறைக்குள் பேசப்பட்டதை நாம் கேட்டதில்லை. அவ்வறைக்கு வெளியே அரைநூற்றாண்டுக்கு மேலாகப் பேசப்பட்டு வருவதையோ யாரும் கேட்கலாம். ‘அவர் உரத்துப் பேசுகிறார். புருவமும் உதடும் விரல்நுனியும் ஒருங்கே நடிக்கின்றன. சாதாரண மனிதன் இப்படி அழுவதில்லை; இப்படி நடப்பதில்லை. அது நாடகம், சினிமா அன்று.’ ஆங்கிலம் கற்ற விமரிசகப் பெருமக்கள் வகுத்த இவ்வாய்பாட்டை நம் பட்டதாரிகளும் மனனம் செய்துவிட்டனர். அதன் சுருக்கப் பெயரே ‘மிகை நடிப்பு’.

‘சாதாரண மனிதன்’ என்று அவர்கள் சொல்வது யாரை? இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. தாழ்ந்த குரலிற் பேசுபவன். துக்கத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொள்பவன். கோபம் வந்தால் சன்னலோரம் சென்று வெளியே பார்ப்பவன். அவன் நகரத்து மத்தியதர வர்க்கத்தான். அவனும் மனிதனே, அவனைச் சித்திரிப்பதும் கலையே. ஆனால் அவன் ஒருவனே மனிதன் என்று யார் சொன்னது? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் 2017இலிருந்து வீதியோரப் பந்தல்களில், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்த தாய்மாரின் அழுகையை நாம் கேட்டிருக்கிறோம். அவர்கள் நெஞ்சிலறைந்து அழுதனர்; மண்ணை அள்ளித் தூற்றினர்; தெய்வத்தைப் பெயர் சொல்லி விளித்து வழக்குரைத்தனர். அக்குரலை அளவு மீறியது என்று எவன் சொல்வான்? அவ்வாறு அழும் மக்களின் கலையில் அழுகை அவ்வாறுதான் ஒலிக்கும். யதார்த்தம் என்பது தாழ்ந்த குரலின் தனிச் சொத்தன்று.

சிவாஜி கணேசனின் நடிப்பு எங்கிருந்து வந்தது? சிறுவயதில் தாம் கண்ட கட்டபொம்மன் கூத்தே தம்மை நடிப்பின்பால் இழுத்தது என்று அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டை விட்டு ஓடிப்போய்ப் பாலர் நாடகக் குழுவிற் சேர்ந்தவர் அவர். பெண்வேடம் தாங்கினார், கிடைத்த வேடமெல்லாம் போட்டார். அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்துப் பெரியாரின் வாயால் ‘சிவாஜி’ என்னும் பெயரைப் பெற்றார். கட்டபொம்மனையும் 1957இல் முதலில் மேடையிலேயே ஏற்றினார். படம் 1959இல் வந்தது. ஆக, தெருவிலே பிறந்த ஒரு கூத்து, ஒரு சிறுவனின் நெஞ்சில் விழுந்து, மேடையேறி, திரையேறி, 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய-ஆபிரிக்கத் திரைப்பட விழாவிலே சிறந்த நடிகர் விருதைப் பெற்றது. அடிமைத்தளையை அண்மையில் அறுத்தெறிந்த நாடுகள் கூடிய சபை அது. வெள்ளையனுக்கு வரிகொடுக்க மறுத்தவனின் குரலை விளங்கிக்கொள்ள அச்சபைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்கமாட்டார்.

இது தனியொரு நிகழ்ச்சியுமன்று. ‘நர்த்தனசாலா’ என்ற தெலுங்குப் படத்திலே கீசகனாக நடித்த எஸ். வி. ரங்காராவ் 1964இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய-ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். அவரும் மேடை நடிகர். அவரது நடிப்பும் உடல் முழுவதாலும் குரல் முழுவதாலும் ஆனது. 1974இல் அவர் மறையும்வரை நடிப்புக்கான தேசிய விருது அவரை எட்டவில்லை. கெய்ரோவும் ஜகார்த்தாவும் கண்டதை டில்லி காணவில்லை.

மேலைநாட்டிலும் இக்கதை உண்டு. இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் கூடிச் சிரித்த மேடைகளிலே நடிப்பைப் பயின்றவர் சார்ளி சாப்ளின். உலகமெங்கும் பாட்டாளி மக்கள் தம்மவன் என்று கொண்டாடிய அம்மனிதருக்கு, நடிப்புக்கான போட்டி ஆஸ்கார் ஒருமுறையேனும் கிடைத்ததில்லை. இடதுசாரி என்ற சந்தேகத்தின்பேரில் 1952இல் அமெரிக்கா அவருக்குக் கதவடைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து 1972இல் அழைத்துக் கௌரவ விருது கொடுத்துக் கைதட்டியது. காலந்தாழ்த்திய கௌரவங்களின் இலக்கணத்தை அறிய விரும்புவோர் அந்தக் கைதட்டலைக் கூர்ந்து கேட்கவேண்டும். அதில் பாராட்டு பாதி, குற்றவுணர்ச்சி பாதி.

எமது பகுதிக்கு வருவோம். வன்னியின் கூத்துக்களரியை அறிந்தோருக்கு நாம் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. முல்லைத்தீவுக் கோவலன் கூத்து விடிய விடிய நடந்த காலத்தில் ஒலிவாங்கி இல்லை, மின்விளக்கு இல்லை. வயல்வெளியைத் தாண்டிக் கடைசியாக அமர்ந்திருக்கும் கிழவிக்குக் கண்ணகியின் முறையீடு கேட்கவேண்டும். கோவலனின் தளர்ச்சி அவன் தோளிலும் காலிலும் தெரியவேண்டும். உள்ளத்து உணர்ச்சி காண்போர்க்குப் புலப்படுமாறு மெய்யிலே தோன்றுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். எண்வகையாகப் பகுத்தும் வைத்தார். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் புலப்பட வேண்டும் என்பதே அக்கலையின் அறம். முன்வரிசைக்காரனுக்குச் சற்று அதிகமாகத் தோன்றுவது கடைசி வரிசைக்காரனுக்குச் சரியான அளவாக இருக்கும். ‘மிகை’ என்று தீர்ப்பெழுதுபவர் தாம் எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்.

திரைப்படத்திலே கமெரா முகத்தருகே வருகிறது. ஆகவே மேடையின் அளவு அங்கே வேண்டியதில்லை என்பர். தொழில்நுட்பத்தளவில் இது சரியான வாதமே. ஆனால் நம் மக்கள் சிவாஜியைக் கண்டது திரையில் மட்டுமா? கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் ஒலிபெருக்கி கட்டிக் கதைவசன இசைத்தட்டுகளைப் போட்ட காலத்தில் அவர் குரலாக மட்டுமே வந்தார். இலங்கை வானொலியின் ஒலிச்சித்திரங்களிலும் குரலாகவே வந்தார். 1990களில் மின்சாரமற்ற வன்னியிலே, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாம். முகமும் திரையும் இல்லாமல், குரலொன்றாலேயே ஒரு மனிதனை முழுதாக நம் முன் நிறுத்தியது எந்த நடிப்பு? ‘அடக்கமான’ நடிப்பை ஒலிபெருக்கியிற் போட்டால் என்ன எஞ்சும்?

1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய பண்டாரவன்னியனை நம் பாடசாலை மேடைகளில் எத்தனையோ பிள்ளைகள் நடித்திருக்கின்றனர். அப்பிள்ளைகளின் குரலைக் கேட்டிருப்போர் உண்மை சொல்லட்டும். அங்கே ஒலித்தது பாதி பண்டாரவன்னியன், பாதி கட்டபொம்மன். பாஞ்சாலங்குறிச்சியின் குரல் கற்சிலைமடுவில் எதிரொலித்தது. ஒரு நடிகன் ஒரு மக்கட் கூட்டத்துக்கு நிமிர்ந்து நிற்கும் உடலையும் எதிர்த்துப் பேசும் தொனியையும் கற்றுக்கொடுத்தான் என்றால், அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறென்ன?

இதனால் நாம் இரசிகர் மன்றத்துக் கற்பூரத்தைக் கொளுத்துகிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம். அவர் நடித்தவை ஏறத்தாழ முந்நூறு படங்கள் அல்லவா? அவற்றுள் சரக்கற்றவை பல. கதையில் இல்லாத கனத்தைக் குரலால் ஈடுசெய்ய முயன்ற காட்சிகள் உண்டு. தன்னையே தான் போலிசெய்த காலமும் உண்டு. நிலப்பிரபுத்துவப் பெருமிதத்தையும் குடும்பத்தின் ஆணாதிக்கத்தையும் அந்தக் கம்பீரக் குரல் பலமுறை நியாயப்படுத்தியது என்பதையும் முற்போக்காளராகிய நாம் மறைக்கலாகாது. ஆனால் ‘தில்லானா மோகனாம்பா’ளில் நாதசுரக்காரனின் கன்னத்திலும் கழுத்து நரம்பிலும் மூச்சைக் காட்டியவரும், ‘முதல் மரியா’தையில் ஒரு முதியவனின் தனிமையைச் சிறு அசைவுகளாற் சொன்னவரும் அவரேதான். அளவு தெரியாதவர் இதைச் செய்யமுடியாது. எந்த வேடத்துக்கு எந்த அளவு என்பதை அவர் தெரிவுசெய்தார். தராசுக்காரருக்கோ ஒரேயொரு படிக்கல்லே இருந்தது.

ஒரே படிக்கல் வைத்திருந்தோர் வேறு பலரையும் நிறுக்கவில்லை. கதாநாயகன், கதாநாயகி என்ற இரு நாற்காலிகளுக்கு அப்பால் நின்றோருக்குத் தேசிய விருதில் இடமே இருக்கவில்லை. துணை நடிகர், துணை நடிகை விருதுகள் 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே ஏற்பட்டன. டி. எஸ். பாலையா 1972இலும், எம். ஆர். ராதா 1979இலும் மறைந்தனர். ‘இரத்தக்கண்ணீர்’ (1954) என்ற ஒரே படத்தால் ஒரு சமூகத்தின் பாசாங்கை முழுவதும் உரித்துக் காட்டியவர் ராதா. சாவித்திரி 1981இல் மறைந்தார். அவருக்கும் தேசிய விருது இல்லை. 1958இலிருந்து திரையில் நடித்த மனோரமாவுக்கு ‘புதிய பாதை’ (1989) படத்துக்காகத் துணை நடிகை விருது கிடைத்தது. தருமியாக வந்து ‘திருவிளையாடல்’ (1965) படத்தையே தன்வசப்படுத்திய நாகேஷுக்கு ‘நம்மவர்’ (1994) வரை காத்திருக்க நேர்ந்தது. நாடகத்திலிருந்தும் பின்னணிக் குரலிலிருந்தும் வந்த எம். எஸ். பாஸ்கருக்கு ‘பார்க்கிங்’ (2023) படத்துக்காக இப்பொழுதுதான் கிடைத்திருக்கிறது, மகிழ்வோம். ஒரு தலைமுறையின் உடல்மொழியையே மாற்றிய வடிவேலு இன்னும் வாசலிலேயே நிற்கிறார். பெயர்களைக் கூர்ந்து பாருங்கள். மேடையின் மக்கள், சிரிப்பின் மக்கள், ஏழை வீட்டு வேடங்களின் மக்கள். இது தற்செயலா?

இவ்வளவும் டில்லியைப் பற்றிய குற்றச்சாட்டு. தொலைவிலிருக்கும் நடுவரைத் திட்டுவது எளிது. ஆசிரிய நண்பர்களே, நாமும் நடுவர்களல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன் மாணவருக்கான நாடகப் போட்டியொன்றில் நாமும் நடுவராக அமர்ந்திருந்தோம். ஒதுக்குப்புறமான சிற்றூர்ப் பாடசாலையொன்றிலிருந்து வந்த பையன் ஒருவன், மகனை இழந்த தகப்பனாக நடித்தான். அவனுடைய பாட்டனார் அண்ணாவியார் என்று பின்னர் அறிந்தோம். அவன் மண்டபம் அதிரப் பேசினான். முழங்காலில் விழுந்து தரையை அறைந்தான். ஒப்பாரியின் இராகம் அவன் வசனத்திற் கலந்திருந்தது. சபை மௌனமாயிற்று. பின்வரிசைப் பெண்கள் கண்களைத் துடைத்தனர். நாமோ புள்ளித்தாளில் ‘இயல்பாக இல்லை, மிகை’ என்று எழுதிப் புள்ளியைக் குறைத்தோம். பட்டணத்துப் பாடசாலையிலிருந்து வந்து மெல்லப் பேசிய பிள்ளைக்கு முதலிடம் போயிற்று. மறு ஆண்டு அந்தப் பையன் மேடையேறவில்லை. சிவாஜிக்கு விருது கிடைக்கவில்லையே என்று ஆசிரியர் ஓய்வறையில் வருந்திய அதே கைதான் அத்தீர்ப்பையும் எழுதியது. சிவாஜி கணேசனுக்கு விருது இல்லாமற் போனதால் அவர் கலை குன்றிவிடவில்லை. மக்கள் அவரைக் காத்தனர். அந்தப் பையனைக் காக்க யார் இருந்தார்?

படிக்கல்லை மாற்றமுடியாது என்பதும் பொய். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன், பாமரர் கூத்தென்று படித்தோர் ஒதுக்கிய வடமோடியையும் தென்மோடியையும் கற்றோர் மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) ஆகியவை அவ்வாறு பிறந்தவை. அண்ணாவிமார் குருவாக இருந்தனர், பல்கலைக்கழகம் மாணவனாயிற்று. இராவணனாக ஆடிய மௌனகுரு பின்னாளில் அக்கலையின் பேராசிரியராகவே உயர்ந்தார். ‘மயான காண்ட’த்து அரிச்சந்திரனாக யாழ்ப்பாணத்து மக்களை இரவிரவாக அழவைத்த வி. வி. வைரமுத்துவுக்கு ‘நடிகமணி’ என்ற பட்டம் நிலைத்தது. சாதியின் பெயரால் மனிதரை ஒதுக்கிய சமூகமே அக்கலைஞரின் முன்னே அமர்ந்து கேட்டது. ஆசிரியர் மனம் வைத்தால், மக்கள் நிலைத்து நின்றால், தராசு மாறும்.

ஆகவே நம் வேண்டுகோள் டில்லிக்கு அன்று. இறந்தவரின் நெஞ்சில் இனிப் பதக்கம் குத்தி ஆவதொன்றுமில்லை. அடுத்த தவணையில் நாடகப் போட்டிக்கு நடுவராக அமரப்போகும் ஆசிரியரிடமே நாம் கேட்கிறோம். புள்ளித்தாளில் ‘மிகை’ என்று எழுதுமுன், இப்பிள்ளையின் கலை எந்தக் களரியில் வளர்ந்தது என்று ஒருகணம் விசாரியுங்கள். பொருளற்ற கூச்சலையும் பொருள் நிறைந்த பெருங்குரலையும் பிரித்தறியுங்கள். முடியுமானால், முன்வரிசை நாற்காலியைவிட்டு எழுந்துபோய், மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து அந்நாடகத்தைப் பாருங்கள்.

அங்கிருந்து புள்ளியிடுங்கள்.